பைத்தானில் பெயர் மோதல்: எந்த எரர் வந்தால் எங்கே பார்ப்பது

ரேண்டம் மாட்யூலில் ரேண்ட்இன்ட் என்று எதுவுமே இல்லை என்று பைத்தான் சொன்னால் முதல் சந்தேகம் பைத்தான் மேல்தான் வரும். பாடத்தில் இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரர் கணினியில் ஓடுகிறது, நம்மிடம் மட்டும் இல்லையாம். உடனே பலர் பைத்தானையே தூக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வார்கள். அரைமணி நேரம் போகும், எரர் மட்டும் அப்படியே இருக்கும். ஏனென்றால் நீங்கள் சேமித்து வைத்திருக்கும் ஃபைலின் பெயரும் ரேண்டம்.பை.

எரர் எரராகப் போவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்தால் போதும். “இம்போர்ட் ரேண்டம்” என்று எழுதினால், பைத்தான் முதலில் தான் ஏற்கெனவே ஏற்றி வைத்த மாட்யூல்களில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தன்னோடு சேர்த்தே கட்டப்பட்ட மாட்யூல்களில் தேடும். அங்கேயும் இல்லையென்றால் சிஸ்.பாத் என்ற ஃபோல்டர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலில் முதல் இடம் நீங்கள் ஓட்டும் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்கு, அப்புறம்தான் பைத்தானோடு சேர்ந்து வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி, கடைசியாக வெளிப் பேக்கேஜ்களை இன்ஸ்டால் செய்யும் பிப் கொண்டுவந்து போடும் சைட்-பேக்கேஜஸ். ஒரே தெருவில் இரண்டு செல்வம் இருந்தால் புதிதாக வந்த தபால்காரர் முதல் வீட்டிலேயே கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவார் இல்லையா, அவ்வளவுதான் கதை. இரண்டாவது செல்வம் இருக்கிறார் என்றே அவருக்குத் தெரியாது.

(கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

எந்த எரராக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்த மாட்யூல் எந்த வீட்டிலிருந்து வந்தது? “பிரிண்ட்(ரேண்டம்.__ஃபைல்__)” என்று ஒரு வரி. உங்கள் ஃபோல்டரின் பாதை வந்தால் குற்றவாளி உங்கள் ஃபைல். சைட்-பேக்கேஜஸ் என்று வந்தால் பிப் போட்டது. நன் என்று வந்தால் உள்ளே __இனிட்__.பை இல்லாத வெறும் ஃபோல்டரை பைத்தான் மாட்யூலாக எடுத்திருக்கிறது. __ஃபைல்__ என்பதே இல்லை என்று எரர் வந்தால் அது பைத்தானோடு சேர்த்துக் கட்டப்பட்ட மாட்யூல். அந்த எரரும் ஒரு பதில்தான், பயப்பட வேண்டாம்.

இம்போர்ட் வரியிலேயே விழுந்துவிட்டால் __ஃபைல்__ பார்க்க வழியில்லை. அப்போது “இம்போர்ட்லிப்.யூட்டில்.ஃபைண்ட்_ஸ்பெக்('டோக்கன்').ஆரிஜின்” என்று கேளுங்கள். மாட்யூலை ஓட்டாமலே அதன் முகவரியை மட்டும் சொல்லும். இதைப் பிரச்சினை இருக்கும் ஃபோல்டருக்குள் நின்று “பைத்தான் -சி” மூலம் கேட்க வேண்டும். வேறு ஃபோல்டரிலிருந்து கேட்டால் சிஸ்.பாத்தின் முதல் இடம் மாறிவிடும், பதிலும் மாறிவிடும், நீங்கள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்.

அறிகுறி: அட்ரிப்யூட்எரர், “பார்ஷியலி இனிஷியலைஸ்ட் மாட்யூல்”, கடைசியில் சர்க்குலர் இம்போர்ட்டாக இருக்கலாம் என்று ஒரு யூகம்

மேலே சொன்ன ரேண்டம்.பை கேஸ் இதுதான். அந்த ஃபைலின் முதல் வரி “இம்போர்ட் ரேண்டம்”. ஃபைலை ஓட்டும்போது அதற்கு உள்ளே கிடைக்கும் பெயர் ரேண்டம் இல்லை, __மெயின்__. ஆகவே பைத்தான் ரேண்டமைத் தேடிப் போகிறது, பக்கத்திலேயே ரேண்டம்.பை இருக்கிறது, அதே ஃபைலை இரண்டாம் முறை ஓட்ட ஆரம்பிக்கிறது. அந்த இரண்டாம் ஓட்டத்திலும் “இம்போர்ட் ரேண்டம்” வருகிறது, இந்த முறை பாதி ஏற்றப்பட்ட நிலையில் இருக்கும் அதே மாட்யூல் கிடைக்கிறது, அதில் ரேண்ட்இன்ட் எங்கே இருக்கும்? டிரேஸ்பேக்கை, அதாவது எரரோடு வரும் ஃபைல்-வரிப் பட்டியலை, கவனித்தால் ஒரே ஃபைல் இரண்டு முறை தெரியும், அதுதான் அடையாளம்.

“பார்ஷியலி இனிஷியலைஸ்ட்” என்ற வாசகம் 3.8 பதிப்பில் வந்தது. நல்லெண்ணத்தில் சேர்த்ததுதான், ஆனால் சர்க்குலர் இம்போர்ட் (ஃபைல்கள் ஒன்றையொன்று வட்டமாக இம்போர்ட் செய்வது) என்று படித்தவுடன் புதியவர்கள் இல்லாத வட்டத்தைத் தேடி இரண்டு மூன்று ஃபைல்களைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் வந்த 3.13 இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், உன் ஃபைலுக்கும் ஸ்டாண்டர்ட் லைப்ரரி மாட்யூலுக்கும் ஒரே பெயர், ஃபைல் பெயரை மாற்று என்று பாதையோடு நேராகவே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பில் இருந்தால் அந்த அறிவுரையை நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

தீர்வு பெயரை மாற்றுவது. “பெயர் மாற்றியும் போகவில்லை, __பைகேச்__ ஃபோல்டரை அழிக்க வேண்டும்” என்று யாராவது சொல்வார்கள். அது பைத்தான் 2 காலத்துப் பேச்சு. அப்போது ரேண்டம்.பைசி என்று கம்பைல் ஆன ஃபைல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், மூல ஃபைல் போனாலும் அதை எடுத்துக்கொள்ளும். 3.2 முதல் அவை __பைகேச்__ உள்ளே போகின்றன, மூல ஃபைல் இல்லையென்றால் அங்கிருந்து எடுப்பதில்லை. அழித்தால் தவறில்லை, ஆனால் பிரச்சினை அங்கே இல்லை. பெயர் மாற்றியும் போகவில்லை என்றால், ஜூபிட்டர் நோட்புக் போன்ற ஒன்றில் பழைய மாட்யூல் நினைவிலேயே தங்கியிருக்கும், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அறிகுறி: “'இமெயில்' இஸ் நாட் எ பேக்கேஜ்”

மெயில் அனுப்ப ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் அதற்கு வேறு என்ன பெயர் வைப்பார், இமெயில்.பை என்றுதான் வைப்பார். எஸ்எம்டிபிலிப்பை இம்போர்ட் செய்கிறார், அது தனக்கு வேண்டிய இமெயில்.யூட்டில்ஸைக் கேட்கிறது, கிடைப்பதோ இவர் எழுதிய ஒற்றை ஃபைல். ஒற்றை ஃபைலுக்குள் யூட்டில்ஸ் என்ற துணை மாட்யூல் எப்படி இருக்கும்? “பேக்கேஜ் இல்லை” என்பதன் பொருள் அதுதான். ஃபோல்டரை எதிர்பார்த்துப் போனேன், ஃபைல் கிடைத்தது.

மெயிலே அனுப்பாத வேறு ஸ்கிரிப்ட்டும் அதே ஃபோல்டரில் இருந்தால் சேர்ந்தே விழும். எச்டிடிபி.கிளையன்ட் உள்ளுக்குள் இமெயில்.பார்சரைப் பயன்படுத்துகிறது, ஆகவே இணையத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுக்கப் போன ஸ்கிரிப்ட் இமெயில் பற்றிப் புகார் சொல்லும். எச்டிஎம்எல்.பை, காலண்டர்.பை, கியூ.பை, ஸ்ட்ரிங்.பை, டைப்ஸ்.பை, சீக்ரெட்ஸ்.பை எல்லாம் இதே ஜாதி.

அறிகுறி: நான் தொடவே தொடாத ஃபைலில் “கேனாட் இம்போர்ட் நேம்”

எனக்கு அதிக நேரத்தைத் தின்றது இந்த வகைதான். ஒரு சாட் பாட் எழுதிக்கொண்டிருந்தேன். பாட்டின் ரகசிய டோக்கனைத் தனி ஃபைலில் வைப்போம், பொறுப்பாக நடந்துகொள்வோம் என்று டோக்கன்.பை என்று ஒன்றை உருவாக்கினேன், உள்ளே ஒரே ஒரு வரி. அடுத்த முறை ஓட்டியதும் எக்ஸாக்ட்_டோக்கன்_டைப்ஸ் என்ற பெயரை டோக்கனிலிருந்து எடுக்க முடியவில்லை என்று எரர். அப்படி ஒன்றை நான் வாழ்நாளில் எழுதியதில்லை. டிரேஸ்பேக்கில் என் ஃபைல் முதல் வரியில் மட்டும்தான் இருந்தது, அதற்குக் கீழே டேட்டாகிளாசஸ், இன்ஸ்பெக்ட், டோக்கனைஸ் என்று பைத்தானின் சொந்த ஃபைல்கள். டேட்டாகிளாசஸ் இன்ஸ்பெக்டைக் கூப்பிடுகிறது, அது டோக்கனைஸைக் கூப்பிடுகிறது, அது ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இருக்கும் டோக்கன் மாட்யூலைக் கூப்பிடுகிறது, நடுவில் என் ஒற்றை வரி ஃபைல் போய் நிற்கிறது.

இம்மாதிரி எரரில் கடைசி வரியின் கடைசியைப் படியுங்கள். “கேனாட் இம்போர்ட் நேம் ... ஃப்ரம் 'டோக்கன்'” என்பதற்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு பாதை இருக்கும். அது பைத்தான் இன்ஸ்டால் ஆன இடமாக இல்லாமல் உங்கள் வீட்டு ஃபோல்டராக இருந்தால் கேஸ் முடிந்தது. நான் அந்தப் பாதையைப் படிக்கவே இல்லை, எரரின் முதல் பாதியை மட்டும் தேடலில் போட்டுக்கொண்டிருந்தேன்.

எந்தப் பெயர்களைத் தவிர்ப்பது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். 3.10 முதல் “சிஸ்.ஸ்டட்லிப்_மாட்யூல்_நேம்ஸ்” என்று ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் முழுப் பெயர்ப் பட்டியல் உள்ளேயே கிடைக்கிறது. ஃபோல்டரில் இருக்கும் .பை ஃபைல் பெயர்களை அதோடு ஒப்பிட நாலு வரி போதும், அதைப் பெரிய புராஜெக்டில் சோதனையாகவே சேர்த்துவிடலாம். இணையதளம் கட்டப் பயன்படும் ஜாங்கோவில் “ஸ்டார்ட்ஆப் டெஸ்ட்” என்று அடித்தால் இருக்கும் மாட்யூலோடு மோதுகிறது, வேறு பெயர் வை என்று மறுத்துவிடுகிறது. மற்ற இடங்களில் நம்மைத் தடுக்க ஆள் இல்லை.

ஃபைல் பெயரை மாற்ற முடியாத நிலையில், அதாவது அது வேறு யாருடைய ஃபோல்டராக இருந்தால், 3.11 முதல் “பைத்தான் -பி” என்று பெரிய எழுத்து பி போட்டு ஓட்டலாம், ஸ்கிரிப்ட் ஃபோல்டரை சிஸ்.பாத்தின் முதலிடத்தில் சேர்க்காது. பக்கத்து ஃபைலை நீங்களே இம்போர்ட் செய்கிறீர்கள் என்றால் அதுவும் சேர்ந்து போய்விடும், ஆகவே இது ஒட்டுப்போடும் வேலைதான்.

அறிகுறி: தலைகீழ் கேஸ், என் ஃபைலை எடுக்கவே மாட்டேன் என்கிறது

டைம்.பை என்று எழுதி அதில் நேரம் கணக்கிடும் ஒரு ஃபங்ஷன் வைத்தீர்கள். மெயின்.பையில் இம்போர்ட் டைம். அப்படி ஒரு ஃபங்ஷன் டைமில் இல்லை என்கிறது. இதுவரை சொன்னதன்படி உங்கள் ஃபைல்தானே ஜெயிக்க வேண்டும்?

ஜெயிக்காது. டைம், சிஸ் போன்றவை இன்டர்பிரட்டரோடு சேர்த்தே கட்டப்பட்டவை, சிஸ்.பாத்தைப் பார்க்கும் முன்பே அவை கிடைத்துவிடும். “சிஸ்.பில்ட்இன்_மாட்யூல்_நேம்ஸ்” போட்டால் பட்டியல் வரும். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பட்டியல் கணினிக்குக் கணினி மாறும். மேத் மாட்யூல் விண்டோஸில் உள்ளேயே கட்டப்பட்டிருக்கும். லினக்ஸில் அந்தப் பைத்தானை யார் எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்து உள்ளேயும் இருக்கலாம், தனி ஃபைலாகவும் இருக்கலாம். அதனால் மேத்.பை என்று ஒரு ஃபைல் வைத்தால் ஒருவர் கணினியில் உங்கள் ஃபைல் வரும், இன்னொருவர் கணினியில் உண்மையான மேத் வரும். “என்னிடம் ஓடுகிறதே” என்று இருவரும் சொல்வார்கள், இருவரும் சொல்வது உண்மை.

அறிகுறி: இம்போர்ட் வரியில் சின்டாக்ஸ்எரர்

இது உண்மையிலேயே ஒதுக்கப்பட்ட பெயர். கிளாஸ், லாம்டா, குளோபல் என்று பைத்தானுக்கு 35 சொற்கள் இருக்கின்றன, “கீவேர்ட்.கேடபிள்யூலிஸ்ட்” காட்டும். கிளாஸ்.பை என்று ஃபைல் வைத்து நேரடியாக ஓட்டினால் ஓடும், அதனால் சந்தேகமே வராது, இம்போர்ட் செய்யும் நாளில்தான் விழும். நடுவில் கோடு போட்ட பெயர், எண்ணில் தொடங்கும் பெயர் இரண்டும் அப்படியே. மேட்ச், கேஸ் ஆகியவை மென்மையான சொற்கள், அதாவது சில இடங்களில் மட்டுமே தனிப் பொருள் உள்ளவை, மாட்யூல் பெயராக வைக்கலாம்.

இந்தப் பட்டியல் கல்வெட்டு இல்லை, வளரும். 2018இல் வந்த 3.7 பதிப்பில் அசிங்க் என்ற சொல் முழுக்க ஒதுக்கப்பட்டது. அன்று வரை அசிங்க் என்ற பெயரில் மாட்யூல் வைத்திருந்தவர்கள் எல்லாம் மாட்டினார்கள், வேலைகளைப் பின்னணியில் ஓட்டும் செலரி லைப்ரரி உட்பட. அது பிறகு அசிங்க்ரனஸ் என்று நீட்டிக்கொண்டது. பழைய செலரியைப் புதிய பைத்தானில் போட்டுப் பார்த்தால் இன்றும் அதே சின்டாக்ஸ்எரர்தான் வரும், பைத்தானைக் குறைக்காமல் செலரியை ஏற்றுவதே வழி.

அறிகுறி: பிப்பில் இன்ஸ்டால் செய்தேன், இம்போர்ட்டும் ஆகிறது, உள்ளே ஒன்றும் இல்லை

பிப்பில் தரும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பில்லோ என்று இன்ஸ்டால் செய்து பிஐஎல் என்று இம்போர்ட் செய்கிறோம், சைகிட்-லேர்ன் என்று போட்டு எஸ்கேலேர்ன் என்று அழைக்கிறோம். ஆகவே இரண்டு வேறு பேக்கேஜ்கள் ஒரே இம்போர்ட் பெயரைப் பிடித்துக்கொள்ளவும் தடையில்லை. பிப் பேக்கேஜ்களை எடுக்கும் பைப்பிஐ தளம் பதிவுப் பெயர் மோதாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும், ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் பெயரில் புதிதாகப் பதிய விடாது. உள்ளே வரும் ஃபோல்டர் பெயரை அது பார்ப்பதில்லை.

பிரபலமான உதாரணம் ஜேடபிள்யூடி, இணைய உள்நுழைவில் பயன்படும் ஒரு டோக்கன் வகை. பெரும்பாலான பாடங்கள் சொல்வது பைஜேடபிள்யூடி என்ற பேக்கேஜை. இம்போர்ட் பெயரைப் பார்த்துவிட்டு “பிப் இன்ஸ்டால் ஜேடபிள்யூடி” என்று அடித்தால் வேறொரு பேக்கேஜ் வரும், அதற்கும் ஃபோல்டர் பெயர் ஜேடபிள்யூடிதான், என்கோட் அங்கே நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவியிலும் இதே கதை: சாதாரணப் பதிப்பு, ஹெட்லெஸ், கான்ட்ரிப் எல்லாமே சிவி2 என்ற ஒரே ஃபோல்டருக்குள் இறங்குகின்றன, ஒரு சூழலில் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. தமிழ் உரைச் செயலாக்கத்துக்கான ஓப்பன்-தமிழ் பேக்கேஜ், தமிழ் என்ற மாட்யூலோடு டிரான்ஸ்லிட்டரேட் என்ற மாட்யூலையும் கொண்டுவருகிறது. பைப்பிஐயில் டிரான்ஸ்லிட்டரேட் என்ற பெயரிலேயே சம்பந்தமில்லாத இன்னொரு பேக்கேஜும் இருக்கிறது. இரண்டையும் ஒரே சூழலில் போட்டால் பின்னால் வந்தது முன்னால் இருந்ததன் மேல் எழுதிவிடும், பிப் ஒரு வார்த்தை சொல்லாது.

இங்கே முக்கியம், ஒன்றை மட்டும் அன்இன்ஸ்டால் செய்து நிறுத்தாதீர்கள். ஒரே ஃபோல்டரில் இரண்டு பேரின் ஃபைல்களும் கலந்து கிடக்கின்றன, ஒன்றைத் தூக்கும்போது மற்றதன் ஃபைலும் சேர்ந்து போகும், மிஞ்சியது நொண்டியாக நிற்கும். இரண்டையும் தூக்கிவிட்டு வேண்டியதை மட்டும் மறுபடி போடுங்கள். எந்தப் பேக்கேஜ் எந்தப் பெயரைக் கொண்டுவந்தது என்று குழப்பமாக இருந்தால் 3.10 முதல் “இம்போர்ட்லிப்.மெட்டாடேட்டா.பேக்கேஜஸ்_டிஸ்ட்ரிபியூஷன்ஸ்()” சொல்லும், ஒரு பெயருக்கு எதிரே இரண்டு பேக்கேஜ் நின்றால் மோதலாக இருக்கலாம்.

அறிகுறி: “மாட்யூல் 'ஈனம்' ஹேஸ் நோ அட்ரிப்யூட் 'இன்ட்ஃப்ளாக்'”

ஈனம்34 என்பது பழைய பைத்தான்களுக்காக ஈனம் மாட்யூலைப் பின்னோக்கிக் கொண்டுபோன பேக்கேஜ். இன்றைக்கு யாருக்கும் தேவையில்லை, ஆனால் ஏதோ ஒரு பழைய ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் ஒளிந்திருந்து உள்ளே வந்துவிடும். வழக்கமாக சைட்-பேக்கேஜஸ் கடைசி என்பதால் அது தூங்கிக்கொண்டிருக்கும். யாராவது பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் அந்த ஃபோல்டரைச் சேர்த்தால் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கு முன்னால் வந்து நிற்கும், அப்புறம் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கூட இம்போர்ட் ஆகாது, ஏனென்றால் ஆர்இ மாட்யூல் உள்ளுக்குள் ஈனமை நம்பியிருக்கிறது. “பிப் அன்இன்ஸ்டால் ஈனம்34”, அவ்வளவுதான். பாத்லிப், டைப்பிங் என்ற பழைய பேக்கேஜ்களும் இருந்தால் தூக்கிவிடுங்கள்.

அறிகுறி: எரரே இல்லை, எக்செப்ட் மட்டும் பிடிக்க மறுக்கிறது

ஆப்.எரர்ஸ் என்ற மாட்யூலில் ஒரு எக்செப்ஷன் வகுப்பு. ஓரிடத்தில் “ஃப்ரம் ஆப்.எரர்ஸ்”, இன்னோரிடத்தில் வெறும் “ஃப்ரம் எரர்ஸ்”, சிஸ்.பாத்தில் புராஜெக்ட் ஃபோல்டரும் அதற்குள் இருக்கும் ஆப் ஃபோல்டரும் இரண்டுமே இருப்பதால் இரண்டும் ஓடுகின்றன. ஃபைல் ஒன்று, பைத்தானுக்கு மாட்யூல் இரண்டு, அதனால் வகுப்பும் இரண்டு. ஒன்றை ரெய்ஸ் செய்து மற்றதை எக்செப்டில் போட்டால் பிடிக்காது. எரர் செய்தியில் வகுப்பின் பெயர் அச்சாக ஒன்றாகத் தெரியும்போது அதன் “__மாட்யூல்__” மதிப்பைப் பாருங்கள், வித்தியாசம் அங்கே தெரியும். சிஸ்.பாத்தில் கையால் ஃபோல்டர் சேர்க்கும் வரியைத் தேடி எடுத்துவிட்டு, எல்லா இம்போர்ட்டையும் புராஜெக்டின் வேரிலிருந்து ஒரே மாதிரி எழுத வேண்டும். டெஸ்ட்களை ஓட்டும் பைடெஸ்ட் “இம்போர்ட் ஃபைல் மிஸ்மேட்ச்” என்று கத்துவது வேறு, இரண்டு ஃபோல்டரில் ஒரே பெயரில் டெஸ்ட் ஃபைல் இருக்கிறது என்று பொருள், பெயரை மாற்றினால் போய்விடும்.

அறிகுறி: ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர்

முதலில் மேலே சொன்ன சாதாரணக் காரணங்களைப் பாருங்கள். அதில் ஒன்றும் இல்லை, மாட்யூலின் பெயர் தமிழில் இருக்கிறது என்றால் மட்டும் இது. பைத்தான் 3இல் தமிழில் பெயர் வைக்கலாம், தொகை.பை என்று சேமித்து “இம்போர்ட் தொகை” என்று எழுதினால் ஓடும். ஆனால் “தொ”வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னால் கொம்பும் பின்னால் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நிரலுக்குள் நீங்கள் எப்படி எழுதியிருந்தாலும் பைத்தான் பெயர்களை என்எஃப்கேசி என்ற யூனிகோட் முறைப்படி ஒன்றாக்கிவிடும், இரண்டு துண்டு ஒரு குறியாகும். லினக்ஸில் ஃபைல் பெயரை யாரும் ஒன்றாக்குவதில்லை, எப்படிச் சேமித்தீர்களோ அப்படியே கிடக்கும். பைத்தான் ஒரு குறியுள்ள தொகையைத் தேடுகிறது, வட்டில் இருப்பது இரண்டு குறியுள்ள தொகை.

“லென்” போட்டு எண்ணினால் பிடிபடும்: “ஓஎஸ்.லிஸ்ட்டிர்()” தரும் பெயரில் .பையைக் கழித்துவிட்டால் நான்கு குறிகள் இருக்க வேண்டும், ஐந்து வந்தால் அதுதான் காரணம். அதே விசைப்பலகையில் பெயரை மறுபடி தட்டிப் பயனில்லை, அது மறுபடியும் அப்படியேதான் எழுதும். “யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்('என்எஃப்கேசி', பெயர்)” தரும் பெயரை “ஓஎஸ்.ரீநேம்” மூலம் வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.